முழுதும் படித்தோமா?
(பெருந்துறையில் பேசியது)

தோழர்களே! 1942-இல் ஆர். சண்முகசுந்தரம் "நாகம்மாள்" எழுதினார். நம் கொங்குத் திண்ணைப் பேச்சை அச்சில் காண்பதில் தனி ஆனந்தமுண்டு. அதே அச்சு நமக்குப் பிடிக்காததைச் சொன்னால் மாத்திரம் ஆத்திரம் பொங்குகிறது!

தோழர் பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" 2010-இல் வெளிவந்தது. நான்கு வருஷம் சந்தடியில்லை. 2014 கடைசியில், கோயில் திருவிழாவைப் பற்றிய சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து வழங்கினார்கள். திருச்செங்கோட்டில் புஸ்தகத்தைக் கொளுத்தினார்கள்; கடையடைப்பும் நடந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் செத்தான் என்று அவரே அறிவிக்கும்படியாயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்காதவர் படிக்காதிருக்கலாமே என்று தீர்ப்பளித்தது.

நிற்க, நாம் மாத்திரம் யோக்கியர்களா? நாமும் முதலில் நகலைத்தான் பார்த்தோம். புஸ்தகத்தைப் பிற்பாடுதான் படித்தோம். பிள்ளையில்லாத தம்பதியை ஊரும் உறவும் படுத்தும் பாடே அதில் பெரும்பாகம். அதற்காக ஒருவரும் கடையடைக்கவில்லை.