சத்து ஊசி யாருக்குத் தேவை?



"உடம்பு அசதியாக இருக்கிறது. ஒரு சத்து ஊசி போடுங்கள்." நம் நாட்டில் பல ஊர்களில் கேட்கும் பேச்சு இது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று பலர் நம்புகிறார்கள். இப்போது வைட்டமின் ஊசியைக் 'கொழுப்பைக் கரைக்கும் ஊசி' என்றும் விற்கிறார்கள். இது உண்மையா?

உடம்புக்குச் சக்தி உணவிலிருந்து வருகிறது. அடுப்பில் விறகு எரிவதுபோல உடம்பில் உணவு எரிகிறது. சேர்த்து வைத்த கொழுப்பும் எரிகிறது. இதற்கு 'பி' வகை வைட்டமின்கள் உதவுகின்றன. வைட்டமின் விறகு அல்ல, தீக்குச்சி. அடுப்பு பற்ற ஒரு குச்சி போதும். பெட்டி முழுவதும் கிழித்தாலும் சோறு சீக்கிரம் வேகாது. தேவைக்கு மேல் ஏற்றிய 'பி' வைட்டமின் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். கொடுத்த காசும் அதோடு போகும்.

எடையைக் குறைக்கும் வேறு ஊசி மருந்துகள் இன்று உண்டு. அவை வைட்டமின் அல்ல. மருத்துவர் சொல்லாமல் அவற்றைப் போடக் கூடாது.

அப்படியானால் வைட்டமின் ஊசியே வேண்டாமா? சிலருக்கு வேண்டும். பால், முட்டை, மீன், இறைச்சியில் 'பி12' வைட்டமின் இருக்கிறது. இது மிகவும் குறைந்தால் இரத்தச் சோகை வரும். கை கால் மரத்துப் போகும். சிலருடைய குடல் இந்த வைட்டமினை உறிஞ்சாது. அவர்களுக்கு ஊசி அவசியம். அதை இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் முடிவு செய்வார்.

வீண் ஊசியில் ஆபத்தும் உண்டு. 2009-ஆம் ஆண்டு குஜராத் மாநிலம் மோடாசா பகுதியில் மஞ்சள் காமாலை பரவியது. பலர் இறந்தார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதால் நோய்க் கிருமி பரவியது. எய்ட்ஸ் கிருமியும் இப்படிப் பரவும்.

அசதி ஏன் வருகிறது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. இரும்புச் சத்துக் குறைவு இதற்கு முக்கியமான காரணம். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, காசநோய் இருந்தாலும் அசதி வரும். ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் நோய் தெரியாமல் வளரும்.

ஆகவே, அசதி நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இரத்தத்தைப் பரிசோதியுங்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் விடாமல் சாப்பிடுங்கள். பருப்பு, பயறு, கீரை, பால், முட்டை ஆகியவற்றில் முடிந்ததைத் தினமும் உண்ணுங்கள்.

மருத்துவர் ஊசி போட வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். "இது எதற்கு? ஊசி புதியதா?" உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.