சிறுவர் எழுதும் செய்தி



"உமது பாடசாலையில் நடைபெற்ற இல்ல மெய்வல்லுநர் போட்டியைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு செய்தி எழுதுக" என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான கொப்பிகளில் ஒரே வகையான எழுத்தைக் காண்பீர்கள். போட்டி வெகு விமரிசையாக நடந்திருக்கும். பிரதம விருந்தினர் மாலை சூட்டி வரவேற்கப்பட்டிருப்பார். மங்கள விளக்கு ஏற்றப்பட்டிருக்கும். ஈற்றில் அனைவரும் மகிழ்ச்சியோடு கலைந்து சென்றிருப்பர். எந்த இல்லம் வெற்றி பெற்றது என்பது மாத்திரம் எங்கும் இராது.

இது பிள்ளைகளின் குற்றமன்று. கட்டுரையைச் சுருக்கினாற் செய்தியாகிவிடும் என அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அவ்வாறன்று என்பதை நாம் அவர்களுக்குக் காட்டியதில்லை. இதனை விளக்கவுரையாற் காட்டுவதிலும் விளையாட்டினாற் காட்டுவதே எளிது. வகுப்பறையில் நான் செய்துபார்த்த சில மொழி விளையாட்டுக்களை இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன். சில அட்டைகள், ஒரு கத்தரிக்கோல், ஒரு பிடி புளியங்கொட்டை ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இவற்றுக்கு வேண்டியதில்லை.

முதலாவது விளையாட்டில் ஆறு பிள்ளைகள் வகுப்பின் முன்னே நிற்பர். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் வினாக்களுள் ஒவ்வொன்று ஒவ்வொருவர் கையில் அட்டையாக இருக்கும். ஏழாவது பிள்ளை ஊரில் நிகழ்ந்த ஒன்றை ஒரே வாக்கியத்திற் சொல்லுதல் வேண்டும். தம் வினாவுக்கு விடை கிடைத்தவர் அமர்வர், கிடையாதவர் நிற்பர். "சந்தியில் விபத்து நடந்தது" என்றால் இருவரே அமர்வர். மற்றை நால்வரும் நின்றபடியே சொன்னவரைப் பார்ப்பர். "நேற்றுக் காலை சந்தைக்கு முன்னால், மாட்டுக்கு வழிவிட ஒதுங்கிய பாண் வண்டி சறுக்கி வாய்க்காலுள் இறங்கியது" என்றால் ஐவர் அமர்ந்துவிடுவர். "யார்" என்னும் அட்டையை வைத்திருப்பவர் மாத்திரம், வண்டியை ஓட்டியவர் எவர் என்று கேட்டு நிற்பார்.

இவ்வினாக்கள் மேனாட்டுப் பத்திரிகைத் தொழிலோடு வந்தவை என்பர். ஆயினும், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினைச்சொல் இன்னதென்று கூறுமிடத்து, செய்தவர் யார், எதனைக் கொண்டு செய்தார், எவ்விடத்து, எக்காலத்து, செய்கை யாது, அதனால் ஆகிய பொருள் யாது என்னும் ஆறினையும் அது உணர்த்தும் என்கிறது. "ஏன்" என்பதொன்றே அங்கு இல்லை. இலக்கண பாடத்தையும் செய்தி எழுதும் பாடத்தையும் ஒன்றாக நடத்தலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாவது விளையாட்டு தலைப்பு எழுதுவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து புளியங்கொட்டை கொடுக்கப்படும். தலைப்பிலே ஒரு சொல்லுக்கு ஒரு கொட்டை விலை. முன்னாளில் தந்தி அடித்தவர்கள் சொற்களை எண்ணிக் காசு கொடுத்தார்கள் அல்லவா, அதுபோல. "வெகு விமரிசையாக" என்பதற்கு இரண்டு கொட்டை போய்விடும் என்றறிந்ததும், அதனை வாங்குவார் ஒருவரும் இரார். "இல்லப் போட்டியில் வள்ளுவர் இல்லம் வெற்றி" என்று கணக்காக ஐந்து சொல்லில் முடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, கத்தரிக்கோல் விளையாட்டு. பத்திரிகையில் இடம் போதாதபோது செய்தியின் வால் முதலில் வெட்டப்படும். ஆதலால், முக்கியமானது தலையில் இருத்தல் வேண்டும். பிள்ளை எழுதிய செய்தியைப் பத்திராதிபராக நியமிக்கப்பட்ட இன்னொரு பிள்ளை கீழிருந்து ஒவ்வொரு வாக்கியமாக வெட்டிக்கொண்டு வருவார். ஒரு வாக்கியமே எஞ்சியபோதும் செய்தி விளங்குமானால் எழுதியவருக்கு வெற்றி. மங்கள விளக்கே எஞ்சியிருந்தால் வகுப்பு முழுவதும் சிரித்துவிடும். ஆசிரியர் வாய் திறக்கவேண்டியதில்லை.

பிரான்சு தேசத்துக் கிராமப் பாடசாலை ஆசிரியராகிய செலஸ்தீன் பிரெனே என்பவர், 1920ஆம் ஆண்டுகளிலே வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டே அச்சிடச் செய்தார். ஆசிரியர் ஒருவரே படிக்கும் எழுத்துக்கும், பலர் படிக்கும் எழுத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். எம்மிடம் அச்சுப்பொறி இருக்கவில்லை. ஆகவே வெள்ளிதோறும் ஒரு சுவர்ப் பத்திரிகை வெளியிட்டோம். பலர் படிக்கும் எழுத்து பலரைத் தாக்கவும் வல்லது என்பதை அப்பத்திரிகையே எனக்குக் கற்பித்தது.

ஒரு கிழமை, பாடசாலைக் கிணற்று வாளி காணாமற் போயிற்று. வெள்ளிக்கிழமை சுவரில் அது செய்தியாக வந்தது. தலைப்பு ஐந்து சொல்லைத் தாண்டவில்லை. ஆறு வினாக்களுக்கும் விடை இருந்தது. வாளியை எடுத்தவன் இன்ன மாணவன் என்று பெயரும் இருந்தது. காலைக் கூட்டத்தில் நான் அச்செய்தியின் அமைப்பைப் பாராட்டியும் பேசிவிட்டேன். அந்த மாணவன் அடுத்த மூன்று நாளும் பாடசாலைக்கு வரவில்லை. பின்னர் கிணறு இறைத்தபோது, வாளி அறுந்த கயிற்றோடு அடியிற் கிடந்தது.

எழுதிய பிள்ளையை அழைத்துக் கேட்டேன். "அவன் எடுத்தானாம் என்று சொன்னார்கள், சேர்" என்றாள். அவள் காதில் விழுந்தது "எடுத்தானாம்". சுவரில் ஏறியது "எடுத்தான்". இடையிலே "ஆம்" என்னும் ஓரசை உதிர்ந்துபோயிற்று. அவ்வசையின் இழப்பிலே ஒரு சிறுவன் கள்வனானான். ஆறு வினாக்களை மாத்திரம் கற்பித்த நானும் அதற்குப் பொறுப்பாளியே.

அதன் பின்னரே நான்காவது விளையாட்டு எங்கள் வகுப்புக்கு வந்தது. வகுப்பறையின் மூன்று மூலைகளுக்கும் கண்டது, கேட்டது, கருதியது என்று பெயரிடுவோம். ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்ல, பிள்ளைகள் அதற்குரிய மூலைக்கு ஓடுதல் வேண்டும். "வேம்பின் கிளை முறிந்து கிடக்கிறது" என்றால் கண்டது. "இரவு பெருங்காற்று வீசியதாம்" என்றால் கேட்டது. "காற்றினாலேதான் முறிந்திருக்கும்" என்றால் கருதியது. நம் தமிழ்மொழி இம்மூன்றையும் வினைமுடிபிலேயே வேறுபடுத்திக் காட்டும் வளம் உடையது. செய்தி எழுதுவோர் அவ்வளத்தைக் கைவிடலாகாது. "காவலாளி, இரவு காற்று வீசியது என்றார்" என்னும் வாக்கியத்துக்குப் பிள்ளைகள் இரு மூலைகளுக்கும் பிரிந்து ஓடி வாதாடுவார்கள். காவலாளிக்கு அது கண்டது. நமக்கு அது கேட்டது. சொன்னவர் பெயரோடு எழுதினால் அது நேர்மையான செய்தியாகும் என்னும் முடிவுக்கு அவர்களே வந்துசேர்வார்கள்.

ஆறு அட்டைகளோடு ஏழாவது அட்டை ஒன்றையும் அன்று சேர்த்தோம். "உமக்கு எப்படித் தெரியும்?" என்பது அதில் எழுதப்பட்ட வினா. அதனை வைத்திருப்பவர் அமரும்வரை எச்செய்தியும் சுவரில் ஏறாது.

பெற்றோராகிய நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி வழியாகச் செய்திகள் வந்த வண்ணம் உள்ளன. அவற்றுட் பல "ஆம்" உதிர்ந்த செய்திகள். ஒருவரிடமிருந்து பெற்றதை நாம் நொடியில் ஒன்பது பேருக்கு அனுப்பிவிடுகிறோம். இரவு உணவுக்கு அமரும் வேளையில், ஒரு செய்தியை எடுத்து, இது கண்டதா, கேட்டதா, கருதியதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை உங்களிடம் திருப்பிக் கேட்டாலும் வருந்தாதீர்கள்.

வாளிச் செய்தியைக் குறித்து இன்னுமொன்று சொல்லி முடிக்கின்றேன். அடுத்த நாளே பிள்ளைகள், முன்னைய செய்தி இருந்த அதே இடத்தில், அதே அளவான எழுத்தில், "எமது செய்தி தவறானது" என்று திருத்தம் எழுதி ஒட்டினார்கள். காலைக் கூட்டத்தில் நானும் எனது தவற்றைச் சொன்னேன். நான்காம் நாள் அம்மாணவன் வந்தான். சுவரின் முன் நின்று அதனை இருமுறை படித்தான். பின்னர் ஒன்றும் பேசாமல் தன் இருக்கையிற் போய் அமர்ந்தான்.