நீர் ஓடிய பாதையும் இரயில் ஓடும் பாதையும்

(ஜமாஅத் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

தலைநகர் சென்னையில் நாம் வாழும் திருவல்லிக்கேணியின் வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். மக்கள் போய்வந்த பாதைகளின் வழியாக அவ்வரலாற்றைச் சொல்ல விழைகிறேன்.

இவ்வூர் தொன்மையானது. பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. ஆர்க்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா, 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பியதும் ஊரின் முகம் மாறியது. அவரைச் சார்ந்த அலுவலர்களும் போர்வீரர்களும் கைவினைஞர்களும் இங்கே குடியேறினர். 1795இல் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லால் கட்டப்பட்ட அப்பள்ளிக்குப் பாரசீக மொழியில் ஆண்டுக்குறிப்புக் கவிதை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்துப் பெருமகன். நமது ஊரின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இனி, நீர்வழிக்கு வருவோம். 1806இல் கோக்ரேன் என்ற ஆங்கிலேயர், நகருக்கு வடக்கே எண்ணூர் நோக்கி ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். அது பின்னர் படிப்படியாக நீண்டது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது, பசித்தோருக்கு வேலையும் கூலியும் தருவதற்காகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. நம் கடற்கரைக்கும் வீடுகளுக்கும் இடையே செல்லும் கால்வாய், பட்டினி கிடந்தோரின் கைகள் தோண்டியது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட இந்நீர்வழியில் உப்பும் விறகும் படகுகளில் வந்தன. அப்படகுகளைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கக்கூடும்.

இதற்கிடையே, 1895இல் சென்னை வீதிகளில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. நட்டத்தில் விழுந்த அந்நிறுவனம் 1953இல் டிராமை நிறுத்திவிட்டது. பேருந்துகள் அவ்விடத்தைப் பிடித்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சரக்கு லாரிக்கும் இரயிலுக்கும் மாறியபின் அதைச் சீர்செய்யும் அக்கறையும் குறைந்தது.

பிறகு வந்தது பறக்கும் இரயில். 1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருவல்லிக்கேணி வழியாக மயிலாப்பூர் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் அது ஓடலாயிற்று. நெருக்கமான நகரில் வீடுகளை இடிக்காமல் பாதை அமைக்கக் கால்வாய்க் கரையும் படுகையும் வசதியாகத் தெரிந்தன. தூண்கள் நீருக்குள்ளேயே இறங்கின. குறைந்த கட்டணத்தில் நம் மாணவர்களைக் கல்லூரிக்கும் நம் தொழிலாளர்களை வேலைக்கும் கொண்டு சேர்க்கும் அவ்விரயிலை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு பாதையைத் திறக்க மற்றொரு பாதையின் கழுத்தை நெரித்துவிட்டோம் என்பதை மறைக்கவும் இயலாது.

படகு நின்றுவிட்டதால் கால்வாயின் கடமை முடிந்துவிடவில்லை. மழைநீர் வடிவதற்கு அதுவே வழி. அது தூர்ந்து குறுகினால் தண்ணீர் நம் தெருக்களில்தான் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயல் மழையையும் கண்ட நமக்கு இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, கால்வாயைக் குப்பைத்தொட்டியாக எண்ணும் பழக்கத்தை நம் வீட்டிலிருந்தே நிறுத்துவோம். ஆண்டுதோறும் மழைக்கு முன்பே தூர்வாருமாறு, கோயிலார், தேவாலயத்தார் ஆகிய அண்டை மக்களோடு கூட்டாக மனு அளிப்போம். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் வெள்ளம் வேறுபாடு பார்ப்பதில்லை. இரண்டு, படகும் டிராமும் கண்ட முதியோரின் நினைவுகளை மாணவர்கள் எழுதிவைக்க வேண்டும். அவர்களுக்குப்பின் அவற்றைக் கேட்க ஆளிராது.

முன்னோர் பசியோடு வெட்டித் தந்த வழியை, வயிறு நிறைந்த நாம் அடைத்துவிட்டோம் என்ற பழி நமக்கு வேண்டாம் எனக் கூறி விடைபெறுகிறேன்.