மூளையும் மின்கலமும்



கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்னும் ரோமாபுரி மருத்துவர், தீராத தலைவலிக்கு ஒரு விந்தையான மருந்து கூறினார். மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உயிருடன் தலையில் வைக்க வேண்டும் என்பதே அது. நோயாளி வலியை மறந்ததில் வியப்பில்லை!

இன்று அந்த மீனின் இடத்தை மின்கலம் பெற்றுவிட்டது. உப்புநீரில் நனைத்த இரு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் பொருத்தி, ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு அளவே உள்ள மின்னோட்டத்தைச் செலுத்துகின்றனர். மண்டை ஓட்டைத் திறப்பதில்லை. கத்தியும் ஊசியும் வேண்டுவதில்லை. ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்து நிட்ஷே, பவுலஸ் என்னும் இரு அறிஞர்கள், இம்மின்னோட்டம் மூளை அணுக்களின் எழுச்சியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என 2000-ஆம் ஆண்டில் காட்டினர்.

அப்படியாயின் இதனால் கணக்கு வருமா? உங்கள் உள்ளத்தில் எழும் வினா இதுதானே!

2013-இல் இயுகுலானோ, கோஹன் கடோஷ் என்னும் ஆய்வாளர் இருவர் ஆக்ஸ்போர்டில் நடத்திய ஆய்வைக் கேளுங்கள். எவரும் அறியாத புதிய குறிகளை எண்களாகக் கொண்டு, அவற்றைச் சிலருக்கு ஆறு நாட்கள் கற்பித்தனர். மூளையின் பின்புறப் பக்கப் பகுதியில் மின்னோட்டம் பெற்றவர்கள் விரைவாகக் கற்றனர். நல்லது. ஆனால் கற்றது ஊறிவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? 2 என்னும் எண்ணைப் பெரிதாகவும் 7 என்பதைச் சிறிதாகவும் எழுதி, உருவில் பெரியது எது என்று உங்களைக் கேட்டால், ஒரு கணம் தடுமாறுவீர்கள். அந்தத் தடுமாற்றமே எண்ணின் மதிப்பு உங்கள் மனத்தில் ஊறியிருப்பதற்குச் சான்று. விரைந்து கற்றவர்களிடம் இவ்வூற்றம் குன்றியிருந்தது! நெற்றிப்புறப் பகுதியில் மின்னோட்டம் பெற்றவர்களோ மெதுவாகக் கற்றனர். ஆனால் கற்றது அவர்களிடம் நன்கு ஊறியிருந்தது. ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது எனலாம். சோதனைக்கு உட்பட்டோர் மிகச் சிலரே என்பதையும் மறத்தலாகாது.

இதற்கிடையில், ஒன்பது வோல்ட் மின்கலத்தையும் கம்பியையும் கொண்டு வீட்டிலேயே இக்கருவியைச் செய்து தலையில் மாட்டிக்கொள்ளும் ஆர்வலர்கள் மேல்நாடுகளில் தோன்றினர். தேர்வுக்கு முந்திய இரவில் இவ்வாசை யாருக்குத்தான் வராது? 2016-இல் நரம்பியல் ஆய்வாளர் 39 பேர் கையொப்பமிட்டு அவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். மின்னோட்டம் நாம் கருதிய இடத்தோடு நில்லாது அப்பாலும் பரவும். விளைவு நெடுநாள் நீடிக்கக்கூடும். ஒருவருக்கு நன்மை செய்த அதே அளவு மற்றொருவருக்கு வேறு விளைவைத் தரவும் கூடும் என்று அம்மடலில் எச்சரித்தனர்.