விளிம்பு காட்டும் அண்டம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நம் பால்வீதிக்கு அப்பால், அதனைப் போன்றே கோடிக்கணக்கான விண்மீன்கள் திரண்ட அண்டங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று என்.ஜி.சி. 4565. 1785-இல் வில்லியம் ஹெர்ஷல் அதனைக் கண்டறிந்தார். சுருளண்டம் தட்டுப் போன்றது. நிமிர்த்திப் பிடித்த தட்டு வட்டமாய்த் தோன்றும். கண்மட்டத்தில் கிடத்திய தட்டோ கோடாய்த் தோன்றும். இவ்வண்டம் நமக்கு விளிம்பையே காட்டுவதால், 'ஊசி அண்டம்' எனப் பெயர் பெற்றது.

இதனை ஒளிப்படமாக்குவது எளிதன்று. அதன் ஒளி நம்மை அடைய 3 கோடி முதல் 5 கோடி ஆண்டுகள் ஆகும் எனக் கணிக்கின்றனர். வந்து சேரும் ஒளியோ மிக மங்கல். ஆதலின் நெடுநேரம் ஒளியைத் திரட்ட வேண்டும். அதற்குள் புவி சுழல்கிறது. அச்சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியும் திரும்பாவிடில் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். முற்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மணிக்கணக்காக ஒளியைப் பதித்தனர். அந்நேரமெல்லாம் வழிகாட்டும் விண்மீன் ஒன்று இம்மியும் விலகாதவாறு ஒருவர் விழித்திருந்து காத்தார். இன்று மின்னணுக் கருவி எடுக்கும் பல படங்களைக் கணிப்பொறி ஒன்றாகக் கூட்டுகிறது.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டது என்ன? ஊசியின் நடுவே நெடுக ஒரு கரும்பட்டை! அது தூசுப் படலம். கலிபோர்னியாவிலுள்ள லிக் வானாய்வகத்தின் 36 அங்குலக் கிராஸ்லி தொலைநோக்கி எடுத்த படங்களில், இத்தகைய பட்டைகளைப் பல அண்டங்களில் ஹீபர் கர்ட்டிஸ் கண்டார். அக்காலத்தில் ஒரு புதிர் இருந்தது. பால்வீதியின் திசையில் மட்டும் சுருளண்டங்கள் தென்படாதது ஏன்? அவை பால்வீதியைச் சார்ந்தவையே, தனி அண்டங்கள் அல்ல என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டினர் சிலர். நம் பால்வீதியிலும் அத்தகைய கரும்பட்டை இருந்து அவற்றை மறைக்கிறது என்று விடை பகர்ந்தார் கர்ட்டிஸ். 1920-இல் வாஷிங்டனில் ஹார்லோ ஷேப்லிக்கும் அவருக்கும் சொற்போர் நிகழ்ந்தது. ஆண்ட்ரோமீடா தனி அண்டமே என்னும் முடிவுக்கு 1923-இல் எட்வின் ஹப்பிள் எடுத்த படம் வழி திறந்தது. விண்மீன்களிடையே ஒளியை மறைக்கும் தூசு உண்டென 1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் நிறுவினார்.

வீட்டின் உள்ளிருப்போர் அதன் முழு வடிவத்தைக் காண இயலாது. பால்வீதிக்குள் வாழும் நமக்கும் அந்நிலையே. அயல் அண்டத்தின் படமே நம் இல்லத்தின் இயல்பை நமக்கு உரைத்தது.

சித்திரைத் திங்களில் இரவு பத்து, பதினொரு மணி அளவில் இவ்வண்டம் வடபுல நகரங்களின் உச்சி வானை ஒட்டி நிற்கும். எனினும் நகர விளக்கொளி அதனை விழுங்கிவிடுகிறது. விடுமுறையில் நம் பிள்ளைகளை இருள் சூழ்ந்த சிற்றூர்களுக்கு அழைத்துச் செல்வோம். நம் சங்கம் நல்ல தொலைநோக்கி ஒன்றை வாங்கி வைக்குமாயின், இன்று செவியில் விழுந்த செய்தி நாளை அவர்தம் கண்களுக்குக் காட்சியாகும்.