வயிற்றெரிவுக் குளிசை: எதற்கு, எப்போது, எவ்வளவு காலம்?



இங்கிலாந்தில் நமது வீடுகளில் ‘காஸ்ட்ரிக் குளிசை’ இல்லாத மருந்துப் பெட்டி குறைவு. ஞாயிறு விருந்துக்குப் பின் அதை ஒருவருக்கொருவர் கொடுப்பதும் உண்டு. ஒரு தாதியாக அதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

உணவு செரிக்கவும் கிருமிகளைக் கொல்லவும் இரைப்பை அமிலத்தைச் சுரக்கிறது. அது உணவுக்குழாய்க்குள் மேலேறினால் நெஞ்செரிவு. மருந்துகளில் மூன்று வகை உண்டு. கவிஸ்கோன் போன்றவை சில நிமிடங்களில் ஆறுதல் தரும். ஆனால் அது சில மணி நேரமே. ஃபமோட்டிடின் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். ஒமெப்பிரசோல், லான்சொப்பிரசோல் ஆகியவை அமிலத்தை வெளிவிடும் ‘பம்பு’களையே நிறுத்தும். இவற்றின் முழுப் பலன் தெரியச் சில நாள்கள் ஆகலாம்.

சாப்பிடும்போதுதான் அந்தப் பம்புகள் வேலை தொடங்கும். ஆகவே பொதுவாகக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் எடுப்பது நல்லது. கப்சூலை மெல்லாதீர்கள். அமிலம் தாக்காதபடி உள்ளேயுள்ள சிறுமணிகளுக்குப் பூச்சு இருக்கிறது.

அஸ்பிரின், ஐபுபுரோபென் எடுக்கும் முதியோருக்கு இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் வராமல் காக்கவும் இதைத் தருவார்கள். “எனக்கு எரிவு இல்லையே” என்று நிறுத்தினால் அந்தக் காவல் போய்விடும். வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.

அதேபோல, நான்கு அல்லது எட்டுக் கிழமைக்கென்று தந்ததைக் காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்காய்த் தொடரவும் வேண்டாம். நீண்டகாலம் எடுக்கும் சிலருக்கு மக்னீசியமும் வைட்டமின் பி12உம் குறையலாம். எலும்பு முறியும் ஆபத்தும் சற்றுக் கூடலாம். திடீரென நிறுத்தினால் சிலருக்கு அமிலம் கூடுதலாகச் சுரந்து எரிவு திரும்பும். எப்படிக் குறைப்பது என்று கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்தவரின் குளிசை வேண்டவே வேண்டாம். இதய நோய்க்குக் குளோப்பிடோகிரெல் எடுப்பவருக்கு ஒமெப்பிரசோல் அதன் பலனைக் குறைக்கக்கூடும்.

விழுங்கக் கஷ்டம், காரணமின்றி மெலிதல் இருந்தால் தாமதமின்றி வைத்தியரைக் காணுங்கள். இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நெஞ்சு இறுகி வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், ‘காஸ்ட்ரிக்’ என்று காத்திராமல் 999ஐ அழையுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அம்மம்மா, அப்பப்பாவின் மருந்துப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஒட்டியிருப்பதை அவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். நீங்கள் அவற்றை எடுத்துச் சாப்பிடக் கூடாது. குளிசையின் பெயர் என்ன, எதற்கு, எப்போது, எவ்வளவு காலம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பதில் தெரியாத கேள்வியை அம்மா, அப்பாவுடன் போய் ஃபார்மசியில் கேளுங்கள். அங்கே முன்பதிவு தேவையில்லை, கேட்பதற்குக் காசும் இல்லை.

கர்த்தர் நம் எல்லோருக்கும் நல்ல சுகம் தருவாராக.