அடி விழாத பிள்ளைக்கும் காயம் உண்டு

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகளில் ஒரு வீட்டுச் சண்டை நான்கு வீடுகளுக்குக் கேட்கும். "புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கேன் வம்பு?" என்று கதவைச் சாத்திக்கொள்பவர்களே அதிகம். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான்கு வயதுப் பிள்ளை ஒன்று இருப்பதை யார் நினைக்கிறார்கள்?

அம்மா அடி வாங்குவதைப் பார்க்கும் பிள்ளைக்கு உடம்பில் தழும்பு இருக்காது. ஆனால், மீண்டும் படுக்கையை நனைக்கும். கலகலப்பாகப் பேசியது வாயடைத்துப் போகும். பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகளை அடிக்கும். 'சேட்டை' என்று அதற்கும் தண்டனை கிடைக்கும். பதற்றம், ஒதுங்குதல், முரட்டுத்தனம், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றை மனக்காயத்தின் அடையாளங்களாக 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டமே குறிப்பிடுகிறது.

தாய் பாதுகாப்பாக இருந்தால்தான் பிள்ளை தேறும். 2018 முதல், போலீஸ் புகார் இல்லாமலேயே சமூக நல அதிகாரியிடம் 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை பெறலாம். 1985-இல் பினாங்கில் தொடங்கிய டபிள்யூ.சி.சி. மகளிர் மையம் இலவச ஆலோசனை வழங்குகிறது. அண்டை வீட்டாரும் 24 மணி நேரமும் 15999 தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

சண்டை ஓய்ந்த மறுநாள் அந்தப் பிள்ளை படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால், துருவித் துருவிக் கேட்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "இது உன் தப்பில்லை கண்ணு" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல அதற்கு ஒரு பெரியவர் வேண்டும்.